நூல் இல்லாமல் ஓடிய மிஷின்

எங்கள் சந்தில் பகல் தூக்கத்துக்கு ஓர் அடையாளம் இருந்தது. மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆண் உள்ளே தூங்குகிறார் என்றால், வாசலில் ஒரு கோணியைத் தண்ணீரில் நனைத்துத் தொங்க விடுவார்கள். வெயில் உள்ளே வராது, அறை குளிர்ச்சியாக இருக்கும் என்பது ஒரு காரணம். பார்க்கிறவர்களுக்குச் சேதி தெரியும் என்பது இன்னொரு காரணம். ஈரக் கோணி தொங்கும் வாசலில் பிள்ளைகள் கோலி ஆட மாட்டார்கள். வைத்திக்குப்பத்திலிருந்து கூடையோடு வருகிற மீன்கார அம்மா சந்து முனையிலேயே ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்த ஆரம்பிப்பார். கோணியைக் கண்டதும் குரலைப் பாதியாக்கிக்கொண்டு, கூடை விளிம்பை விரலால் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்த விதி இல்லை இது. மூன்று ஷிப்ட் மனிதர்கள் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் வாழ வேண்டுமென்றால் இப்படி ஏதாவது வந்துதான் தீரும்.

அந்தக் கோணி ஆண்களுக்கு மட்டும்தான். பெண் பிள்ளை பகலில் படுத்தால் அதற்குச் சொல்ல வேறு வார்த்தைகள் வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றைக்கூட நான் யாரிடமும் வாங்கியதில்லை என்று எனக்கு ரொம்பப் பெருமை.

நான் தையல்காரி. கல்யாணத்துக்கு முன்பே தையல் வகுப்புக்குப் போய், தைத்துச் சேர்த்த காசில் வாங்கிய கால் மிஷினோடு எழுபதுகளின் நடுவில் இந்த வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் மில்லில் வேலை. மாமியாரும் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் நின்று ரிட்டயர் ஆனவர். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒற்றைக்கல் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். ஆகவே என் மிஷின் சத்தம் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் அது சந்து முழுவதும் தெரியும். நின்றால் அதுவும் தெரியும். நான் நிறுத்துவதில்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி உட்கார்ந்துவிடுவேன்.

மீதி ஊர் அப்படி இல்லை. புதுச்சேரியில் மத்தியானம் ஒரு மணி ஆனால் கடைகள் கதவை இழுத்துவிடும். நான்கு மணி வரை துணிக்கடையும் கிடையாது, பாத்திரக்கடையும் கிடையாது. பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அவன் பழக்கிவிட்டுப் போன மத்தியானத் தூக்கத்தை மட்டும் ஊர் விடவில்லை. எனக்கு அது எரிச்சலாக இருக்கும். நூல்கண்டு தீர்ந்துபோய் ஒன்றேகாலுக்கு ஓடினால் பூட்டு தொங்கும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஒரு சொல்தா வீட்டம்மா எனக்கு நிரந்தர வாடிக்கை. ஒருமுறை அவருடைய கவுனைத் தைத்து முடித்த கையோடு இரண்டு மணி வெயிலில் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். வெகுநேரம் கழித்து, கண் வீங்கி, தலை கலைந்து வந்து திறந்தார்.

"ஏம்மா, சியெஸ்த் நேரத்துல வந்து கதவத் தட்டுறியே. நல்லாத் தூங்கிக்கினு இருந்தேன். உங்க வூட்ல மத்தியானம்னு ஒண்ணு கெடையாதா?"

"கெடையாதுங்கம்மா" என்றேன், நிமிர்ந்து நின்று. வரும் வழியெல்லாம் மூடிக் கிடந்த கதவுகளைப் பார்த்து, தூங்குமூஞ்சி ஊர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

முதல் குழந்தை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. அதைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை, ஏனென்றால் நான் அதற்கு நேரமே கொடுக்கவில்லை. எட்டாம் நாள் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. மாமியார்கூட, இன்னும் ரெண்டு நாள் போகட்டுமே என்றார். குழாயடியில் அடுத்த வீட்டு அக்கா எல்லோரிடமும் சொன்னது என் காதில் விழுந்தது: "எட்டாம் நாளே உக்காந்துட்டா பாரு. வேற ஒருத்தியா இருந்தா ஒரு மாசம் படுத்துக்கினு இருப்பா." அந்தப் பாராட்டை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அழவேண்டிய நாட்களில் அழாமல் அந்தப் பாராட்டை வாங்கினேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது முறை நான்காம் மாதத்தில் ரத்தம் பட்டது. பெரியாஸ்பத்திரியில் லேடி டாக்டர் பார்த்தார். என் மாமியார் வயது, கறாரான அம்மா.

"இதுக்கு மாத்திரையைவிடப் படுக்கைதான் மருந்து. பாத்ரூம் போக மட்டும் எழுந்திரு. மத்தபடி படுத்தே இருக்கணும். என்ன வேலை செய்யறே?"

"தையலுங்க."

"கை மிஷினா, கால் மிஷினா?"

"கால் மிஷினுங்க."

"அதைத் தொடவே கூடாது. மிதிச்சே, இதுவும் தங்காது."

"எத்தினி நாளைக்குங்க?"

"குழந்தையை உன் கையில குடுக்கற வரைக்கும்."

தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. அலமாரி நிறைய ரவிக்கைத் துணி, ஒவ்வொன்றிலும் அளவு ரவிக்கை சுற்றி வைத்திருந்தேன். ரிக்ஷாவில் திரும்பி வரும்போது வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் வந்தேன், இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன். ஆனால் நடுநடுவே அந்த ரவிக்கைகளும் நினைவுக்கு வந்தன. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனாலும் நடந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டார். "நீ படு. வூட்டு வேலைய நான் பாத்துக்கறேன். துணிய எல்லாம் அவங்கவங்க வூட்ல குடுத்துட்டு வந்துடறேன். ஆனா ஒண்ணு. இந்த வாட்டி வயிறு தானா வெளிய தெரியிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு உடாத. போன வாட்டி மூணாம் மாசமே ஊருக்கெல்லாம் சொல்லிட்டோம். யாரு கண்ணு பட்டுதோ."

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் தீபாவளி நேரத்தில் தையல்காரி துணியைத் திருப்பிக் கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும் அல்லவா? முதுகு பிடித்துக்கொண்டது என்று மாமியார் சொல்லி வைத்தார். முதுகுப் பிடிப்பு எத்தனை நாளைக்கு இருக்கும்? நான்கு நாள். போனால் போகிறதென்று ஒரு வாரம். நான் படுக்க வேண்டியதோ ஐந்து மாதத்துக்கு மேல்.

படுத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வேலையில்லாமல் இருப்பவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணை மூடினால் வீட்டின் ஒவ்வொரு சத்தமும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. மாமியார் தண்ணீர்க்குடத்தை இறக்கி வைத்துவிட்டு உஸ்ஸென்று மூச்சு விடுவது, அவர் விறகு முறிப்பது, வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவது. அந்தத் தட்டுச் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பு கூசும். "நான் சும்மாதானே இருக்கேன், குடுங்க" என்பேன். "நீ சும்மா இருக்கறதுதான் வேல" என்பார் அவர். நல்ல மனிதர். எனக்கு அவர் நல்லவராக இருப்பதும் பொறுக்கவில்லை. கோபித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

யாராவது வாசலில் நின்று குரல் கொடுத்தால் சட்டென்று எழுந்து உட்காருவேன். தலையணைக்குக் கீழே என் பழைய ரவிக்கை ஒன்றையும் ஊசியையும் வைத்திருந்தேன். அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஹெம்மிங் செய்கிற மாதிரி இருப்பேன். ஆள் போனதும் படுப்பேன். பார்க்க வருகிறவர்களிடம் மாமியார் ஒரு கதையைச் சொல்லாமல் விடமாட்டார். "எம்புள்ள வயித்துல இருக்கறப்ப வலி எடுக்கற வரைக்கும் நான் ரீலிங்ல நின்னேன். சங்கு ஊதினப்புறம்தான் வெளிய வந்து, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன்." அவர் என்னைக் குத்துவதற்காக அதைச் சொல்லவில்லை. நான் வருவதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்த கதை அது. ஆனால் பாயில் கிடந்து கேட்டால் எனக்காகவே சொல்வது போல இருந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். குழாயடியில் அடுத்த வீட்டு அக்காவும் இன்னொரு பெண்ணும் பேசியது சுவர் தாண்டிக் கேட்டது.

"தீவாளி வருது, மிஷின் சத்தமே காணோமே."

"முதுகுவலியாம்."

"இன்னுமா சரியாவல? என்னா வலியோ போ. படுத்துப் பழகிட்டா எழுந்துக்க மனசு வராது."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாளே உட்கார்ந்தவள் என்று என்னைச் சொன்ன அதே வாய். போய் நான்கு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்றுகூடத் தோன்றியது. என்னவென்று கேட்பது? நான் கர்ப்பம், அதனால் படுத்திருக்கிறேன் என்றா? அதைத்தான் சொல்லக் கூடாதே.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்காரர் பகல் ஷிப்டில் இருந்தார். மாமியார் மண்ணெண்ணெய் வாங்கக் கியூவில் நிற்கப் போயிருந்தார். நான் எழுந்து மிஷினில் உட்கார்ந்தேன். தைப்பதற்கு ஒன்றும் இல்லை, எல்லாத் துணியும் திரும்பிப் போய்விட்டது. ஊசியில் நூல் கோக்கவில்லை. வெறுமனே மிதித்தேன். சக்கரம் சுற்றியது, ஊசி ஏறி இறங்கியது, சத்தம் வந்தது. பத்து நிமிஷம் மிதித்துவிட்டு வந்து படுத்தேன். மனசு அப்படி லேசாகிப் போனது. இரண்டு வாரத்தில் முதல் தடவையாகக் கண்ணயர்ந்தேன்.

நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, பிறகு பயமும் வருகிறது. டாக்டர் என்னைத் தைக்காதே என்று சொல்லவில்லை, மிதிக்காதே என்றுதான் சொன்னார். நான் தையலை விட்டுவிட்டு மிதிப்பதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளும் மிதித்தேன். அதற்கடுத்த நாள் பத்து நிமிஷம் இருபதாயிற்று. நடுநடுவே நிறுத்தி, துணியைத் திருப்புகிறவள் போல இடைவெளி விட்டு, மறுபடி ஓட்டுவேன். நீளமான தையலுக்கு நீளமான ஓட்டம், கைப்பட்டிக்குச் சின்ன ஓட்டம். இல்லாத ரவிக்கையை முழுதாகத் தைத்து முடித்தேன் என்றே சொல்லலாம். ஐந்தாம் நாள் குழாயடியில், "மிஷின் ஓடுது, முதுகு சரியாயிடுச்சு போல" என்ற குரல் கேட்டது. பரிசு வாங்கியது போல இருந்தது எனக்கு.

ஆறாம் நாள் மாமியார் சீக்கிரம் திரும்பிவிட்டார். மண்ணெண்ணெய் வரவில்லையாம். நான் கதவுக்கு முதுகு காட்டி மிதித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்தது தெரியவில்லை. குனிந்து மிஷினின் தோல் பெல்ட்டை ஒரே இழுப்பில் கழற்றியபோதுதான் பார்த்தேன். சக்கரம் நின்றது. பெல்ட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சந்து மொனையிலேயே கேட்டுட்டேன். வெறும் மிஷின் ஓடுது" என்றார். "இருவது வருசம் மில்லுல நின்னவ நான். நூல் ஓடுற சத்தம் வேற, சும்மா ஓடுற சத்தம் வேற. தெரியாதா எனக்கு? யாருக்கு ஓட்டிக் காட்டற?"

மாட்டிக்கொண்ட வெட்கத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் சுபாவம் அது. "ஊர் பேசறது உங்க காதுல உழல. நீங்க மட்டும் வலி வர்ற வரைக்கும் நின்னேன், நடந்தே போனேன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கல? நான் மட்டும் படுத்துக்கினு கெடக்கணுமா?" என்று கேட்டேன். அதுவரை அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

அவர் கையிலிருந்த காலி மண்ணெண்ணெய்க் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பீத்திக்கினுதான் இருந்தேன். வேற என்னா பண்றது? லீவு இருந்துது. எடுத்துக்கினு போனவ திரும்பி வர்றப்ப அவ எடத்துல வேற ஒருத்தி நிப்பா. அந்த பயத்துல நின்னேன். காலு வீங்கிப் போயி, கண்ணு இருட்டிக்கினு வரும். புள்ள எப்பிடித் தங்குச்சுன்னு எனக்கே தெரியாது. அத எப்பிடிச் சொல்றது? அதான் பெருமையாச் சொல்லிட்டேன். உன் எடத்துல எவ வந்து நிக்கப் போறா? சொல்லு. எதுக்கு நீ பயப்படற?"

நான் எழுந்து போய்ப் பாயில் படுத்தேன். அவர் உட்கார்ந்த இடத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வேலையும் செய்யாமல் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததும் அன்றைக்குத்தான்.

சாயங்காலம் ரத்தம் பட்டது. முன்னைவிட அதிகம்.

ரிக்ஷாவில் போகும்போது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். மில்லிலிருந்து வந்த சட்டையோடு வீட்டுக்காரர் சைக்கிளில் பின்னால் வந்தார். நான் வேண்டிக்கொள்ளக்கூட இல்லை. வேண்டிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. நானே என் காலால் மிதித்து இதை வெளியே தள்ளிவிட்டேன், அதுவும் ஒரு முழம் துணிகூடத் தைக்காமல் என்பதுதான் மனசில் ஓடியது.

டாக்டர் மரக்குழாய் ஒன்றை வயிற்றில் வைத்து, அதில் காதை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கு" என்றார்.

மாமியார் ஓவென்று அழுதுவிட்டார். நான் அழவில்லை.

"மிஷின் மிதிச்சியா?" என்றார் டாக்டர்.

"மிதிச்சேங்க. ஆனா தைக்கலிங்க."

"தைக்காம எதுக்கு மிதிச்சே?"

 அவர் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். எனக்குப் பைத்தியமோ என்று நினைத்திருக்கலாம். நர்ஸிடம் ஏதோ எழுதச் சொல்லிவிட்டு, "இன்னொரு வாட்டி இப்படி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, புரியுதா?" என்றார். புரிந்தது.

நான்கு நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த நான்கு நாளும் என் காதில் இருந்தது மாமியார் கேட்டதுதான், எதற்குப் பயப்படுகிறாய் என்று. பயந்தது அடுத்த வீட்டு அக்காவுக்கு அல்ல என்று மெல்லத் தெரிந்தது. அவர் ஒரு வாரத்தில் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். பயந்தது எனக்கே. மிஷின் ஓடாவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் போகிறது, அதைப் பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்ததும் எனக்குப் பழைய தைரியம் திரும்பிவிட்டது. ஒன்றைச் செய்வது என்று இறங்கிவிட்டால் நான் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம் மாமியாரிடம் சொன்னேன்: "அத்தே, கோணிய நனச்சு வாசல்ல கட்டுங்க."

"அவன் பகல் ஷிப்ட்டுக்குப் போயிருக்கான். சந்து முச்சூடும் தெரியும். யாரு தூங்கறான்னு கேப்பாங்களே?"

"நான் தூங்கறேன்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோணி கட்டினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கண் பட்டுவிடும் என்று அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அதோடு முடிந்தது. எதைவிட எதற்கு அதிகம் பயப்படுவது என்று அவர் மனசுக்குள் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

கோணியிலிருந்து தண்ணீர் சொட்டி முடிப்பதற்குள் அடுத்த வீட்டு அக்கா வந்துவிட்டார்.

"என்னாக்கா, தம்பி வேலைக்குப் போவலியா?"

"போயிருக்கான்."

"அப்ப உள்ள யாரு தூங்கறது?"

"எம் மருமவ தூங்கறா. முழுவாம இருக்கா. டாக்டரம்மா எழுந்துக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இன்னும் நாலு மாசத்துக்கு இந்தக் கோணி இங்கதான் தொங்கும். எல்லார்கிட்டயும் சொல்லிடு." மாமியாருக்கு மில் குரல். மிஷின் இரைச்சலுக்கு நடுவில் பேசிப் பழகிய குரல். சந்து கடைசி வரை கேட்டிருக்கும்.

 "சொல்லியிருந்தா நான் ஒரு கொடம் தண்ணியாவது தூக்கியாந்து குடுத்திருப்பேனே" என்றார் அக்கா. உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னது போலத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து தினமும் ஒரு குடம் கொண்டுவந்து வைக்கவும் செய்தார்.

பிறகு மீன்கார அம்மாவின் சத்தம் சந்து முனையில் கேட்டது. நான் பாயில் படுத்தபடி காத்திருந்தேன். ஒவ்வொரு வீடாகத் தாண்டி வந்தது. எங்கள் வாசலுக்கு வந்ததும் குரல் பாதியாகக் குறைந்தது. கூடையில் விரல் தட்டும் ஓசை. நகர்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முதல் குழந்தைக்காக அழாததையும் சேர்த்து அழுதேன்.

கோணி கட்டியதும் குற்ற உணர்ச்சி ஓடிப்போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அது தினமும் வந்தது. தட்டுக் கழுவும் சத்தத்தோடு வந்தது, தீபாவளியன்று யாரோ தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு என் வாடிக்கைக்காரிகள் வந்து நின்றபோது வந்தது. தோளில் இறக்கம் சரியில்லாத ரவிக்கைகள். பார்க்கவே கை பரபரத்தது. வந்தால் வந்துவிட்டுப் போ என்று படுத்தே இருந்தேன். ஐப்பசி முழுவதும் மழை. மழையிலும் கோணி தொங்கியது, நனைக்கிற வேலை மிச்சம் என்றார் மாமியார். சொல்தா வீட்டம்மா ஒருநாள் கேள்விப்பட்டு ஒரு ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்தார். வந்தது பதினொரு மணிக்கு. மத்தியானம் வந்தால் என் தூக்கம் கெடும் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். நான்தான் சிரித்தேன்.

நல்லா ஓய்வெடுத்தால் நல்லா வேலை செய்யலாம் என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. அதிலும் வேலைக்குத்தான் மரியாதை, ஓய்வு அதற்கு எண்ணெய் போடுகிற ஆள். நான் படுத்திருந்த மாதங்களில் ஒரு தையலும் தைக்கவில்லை, ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, எழுந்த பிறகு முன்னைவிட வேகமாகவும் தைக்கவில்லை. உண்மையில் வேகம் குறைந்துதான் போனது. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. டாக்டரம்மா அவளைக் கையில் கொடுக்கும்போது, "இந்தா, நீ படுத்ததுக்குக் கூலி" என்றார். கறாரான முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி மிஷினில் உட்கார்ந்தேன். குழாயடியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதற்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் என்னை ஞானம் பெற்றவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. கல்யாண வீட்டு ரவிக்கைகள் குவிந்து கிடந்தன, நான் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நானும் மகளும் மட்டும். அவளுக்கு ஏழு வயது இருக்கும். சிமெண்ட் தரையில் மல்லாக்கப் படுத்து, கை இரண்டையும் விரித்துப் போட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரமாக அப்படியே கிடந்தாள். என் கண்ணில் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"என்னாடி, பட்டப்பகல்ல இப்பிடிப் படுத்துக்கினு கெடக்கற? எழுந்து ரெண்டு கொக்கியாவது தைச்சுக் குடேன்" என்று அதட்டினேன்.

"எதுக்கும்மா? நான் ஒண்ணும் தப்பு பண்ணலியே" என்றாள். "சும்மா படுத்திருக்கேன், அவ்ளோதான்."

கால் மிதியிலேயே நின்றுவிட்டது. நான் படுத்ததால்தான் இவள் இருக்கிறாள். அவளைப் பார்த்து, அதுவும் நான், இதைக் கேட்டுவிட்டேன். எனக்கு என் மேலேயே அசிங்கமாக இருந்தது. ஊசியில் பாதித் தையலோடு துணியை விட்டுவிட்டு எழுந்தேன். போய் அவள் பக்கத்தில் தரையில் படுத்தேன். சிமெண்ட் ஜில்லென்று இருந்தது.

அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். பயந்துபோய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, உனுக்கு உடம்பு சரியில்லியா?"

பிறந்ததிலிருந்து இவள் நான் பகலில் படுத்திருந்து பார்த்ததே இல்லை, காய்ச்சல் வந்த நாளைத் தவிர.

"நல்லாத்தான்டி இருக்கேன்" என்றேன். "நகந்து படு."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.